இலக்கம் கேட்டு வாங்குங்கள்: ஒரு பிரதேச சபையின் குறைகேள் அமர்வு பற்றிய மதிப்பீடு

இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ள பிரதேச சபையொன்று, தன் எல்லைக்குள் வாழும் மக்களின் முறைப்பாடுகளையும் கோரிக்கைகளையும் நேரில் கேட்பதற்கென மாதத்தில் ஒரு முற்பகலை ஒதுக்கியிருக்கிறது. தவிசாளர், செயலாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், வருமானப் பரிசோதகர் ஆகியோர் ஒரு பக்கத்திலும் வட்டார உறுப்பினர்கள் மறுபக்கத்திலும் அமர்ந்திருக்க, அந்த எல்லைக்குள் வசிக்கும் எவரும் எழுந்து தம் பகுதியின் குறையைச் சொல்லலாம். கட்டணம் இல்லை, முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டியதில்லை, கூட்டிக்கொண்டு போக ஓர் ஆளைப் பிடிக்க வேண்டியதும் இல்லை. கடைகளையும் உணவகங்களையும் பற்றி நிறைய எழுதுகிறோம். வரிப்பணத்தில் நடக்கும் ஒரு சேவை எப்படியிருக்கிறது என்று எழுதுபவர்கள் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன். சபையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இங்கே சொல்லப்படும் குறைகளில் பல ஒரு சபையோடு நின்றுவிடுபவை அல்ல என்பதை அயற்பிரதேசங்களில் இருக்கும் உறவினர்களின் பேச்சிலிருந்து அறிவேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காது கொடுத்துக் கேட்பதில் இது நல்ல சேவை. கேட்டதற்குப் பதில் சொல்வதில் அரைகுறையான சேவை. போக வேண்டிய இடந்தான். ஆனால் கையில் ஒரு கடிதம் இல்லாமல் போகவும் கூடாது, ஒரு பதிவிலக்கம் இல்லாமல் திரும்பவும் கூடாது.

இப்படியோர் அமர்வு நடப்பதே எங்கள் பகுதிக்குப் பெரிய விடயம் என்பதை வெளியிலிருந்து வாசிப்பவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். வன்னியின் பல சபைகளுக்கு 2011இல் தேர்தல் நடந்தபோதும் புதுக்குடியிருப்பு, கரைதுறைப்பற்று ஆகிய இரண்டுக்கும் அது நடக்கவில்லை. அங்குள்ள மக்கள் 2018 பெப்ரவரி 10 வரை காத்திருந்தார்கள். அன்று தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச் 19இல் முடிந்தது. அதே மாதம் 9ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்டிருந்த தேர்தல் நடைபெறாமல் போக, 2025 மே 6 அன்று வாக்களித்து யூன் 2இல் புதிய சபைகள் பொறுப்பேற்கும் வரை உறுப்பினர்கள் என்று எவரும் இருக்கவில்லை. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் செயலாளரே சபையையும் நடத்தினார். வடமாகாண சபையோ 2018 ஒக்டோபரில் கலைந்ததோடு சரி. ஆகவே தெருவிளக்கு எரியவில்லை என்றால் கிராம அலுவலரிடம் போவது, அவர் சொல்லாவிட்டால் செயலாளரின் அறை வாசலில் காத்திருப்பது என்பதே எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. தெரிவு செய்யப்பட்ட ஒருவரை எழுந்து நின்று கேள்வி கேட்கும் பழக்கம் இப்போதுதான் மெல்ல மெல்லத் திரும்புகிறது; அந்தக் கூச்சம் மண்டபத்தில் நன்றாகவே தெரிகிறது.

மண்டபத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிளாஸ்ரிக் கதிரைகள், இரண்டு மின்விசிறிகள், அவ்வப்போது கீச்சிடும் ஓர் ஒலிவாங்கி. குடிதண்ணீர் வைத்திருக்கிறார்கள். கழிப்பறை சுத்தமாக இருந்தது. முதியவர்களுக்கு முன்வரிசை என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள்; அதைப் பின்பற்றவும் செய்கிறார்கள்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது வாசலில் இருக்கும் மேசைதான். அங்கே ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர், இளம் பெண், ஒரு கட்டு வெள்ளைத் தாளோடும் கார்பன் தாளோடும் அமர்ந்திருக்கிறார். எழுத வராதவர்களுக்கும் எழுதி வராதவர்களுக்கும் முறைப்பாட்டை அவரே கேட்டு எழுதிக் கொடுக்கிறார். எழுதும் விதம் கவனிக்கத்தக்கது. ஒரு வயோதிபர் தன் ஒழுங்கையின் கதையை இந்திய இராணுவக் காலத்திலிருந்து தொடங்கினார். அந்தப் பிள்ளை இடைமறிக்காமல் கேட்டுவிட்டு, "அப்பு, இப்ப என்ன செய்து தரவேணும் எண்டு ஒரு வரியில சொல்லுங்கோ, மிச்சத்தை நான் எழுதுறன்" என்றது. வட்டாரம், கிராம அலுவலர் பிரிவு, வீதியின் பெயர், அருகில் இருக்கும் அடையாளம், கோரிக்கை என்று ஐந்து வரியில் கடிதம் முடிந்தது. வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்கி, கார்பன் பிரதியை அவர் கையிலேயே கொடுத்தார். சபையின் மற்றெல்லா ஏற்பாடுகளையும் விட இந்த ஒரு மேசை மக்களுக்குச் செய்யும் உதவி பெரிது. வேறு சபைகள் இந்த அமர்வைப் பார்த்து எதையாவது எடுத்துக்கொள்வதென்றால் முதலில் இதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேசையில் ஒரு துண்டும் தருகிறார்கள். துண்டின் வரிசைப்படி கூப்பிடுவார்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம். நேரக் கட்டுப்பாடு பொதுமக்களுக்குக் கடுமையாகவும் உறுப்பினர்களுக்குத் தாராளமாகவும் இருக்கிறது. ஓர் அம்மா தன் வீட்டு வாசலில் தேங்கும் தண்ணீரைப் பற்றி மூன்று நிமிடத்துக்குள் பேசி அமர்ந்தார். அதற்கு விளக்கம் சொல்ல எழுந்த வட்டார உறுப்பினர் முந்தைய சபையில் யார் என்ன செய்யவில்லை என்பதில் தொடங்கி நிதி ஒதுக்கீட்டின் வரலாறு முழுவதையும் சொன்னார். தவிசாளர் கட்டுப்படுத்தியிருக்கலாம். இரு கட்சி உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டால் துண்டோடு காத்திருப்பவர்கள் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். அதற்குச் சபைக் கூட்டம் என்று தனியாக ஒன்று மாதந்தோறும் நடக்கத்தானே செய்கிறது.

அமர்வின் பெரும்பகுதி எதில் கழிகிறது என்று பார்த்தால், குறையைத் தீர்ப்பதில் அன்று. அந்தக் குறை யாருடையது என்று கண்டுபிடிப்பதில். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றைச் சபையிடம் ஒப்படைக்கிறது. வாசிக்க இலகுவாக இருக்கும் இந்த வரி, தெருவில் இறங்கியதும் சிக்கலாகிவிடுகிறது. ஏ-9, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ-34, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ-35 போன்றவை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. அவற்றிலிருந்து பிரியும் சி, டி வகை வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் (பேச்சுவழக்கில் ஆர்.டி.டி.) பொறுப்பு. குளக்கட்டு வீதி பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் சிறிய குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் போகும். இவையெல்லாம் போக எஞ்சும் உள்வீதிகளும் ஒழுங்கைகளுமே சபையுடையவை. தெருவிளக்கில் தூண் மின்சார சபையுடையது. அதில் தொங்கும் விளக்கைப் போடுவதும் மாற்றுவதும் பிரதேச சபையின் வேலை. விளக்கில்லாத இருட்டில் யானை வந்து நின்றால் அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் விடயம். குழாய்நீர் வரவில்லை என்றால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. மணல் ஏற்றிய டிப்பர்கள் சபையின் கிரவல் வீதியைக் கிளறிப் போட்டால் வீதி சபையுடையது, மணலுக்கான அனுமதி புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தினுடையது, வாகனத்தை மறிக்கும் அதிகாரம் பொலிசாருடையது.

இந்தப் பட்டியலை மக்கள் மனப்பாடம் செய்துகொண்டு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஓர் அமர்வில், சைக்கிளில் பாடசாலைக்குப் போன மகள் குழியில் விழுந்து கை முறிந்ததைச் சொன்ன தாயிடம் தொழில்நுட்ப உத்தியோகத்தர், "இது எங்கட றோட்டு இல்லை அம்மா, ஆர்.டி.டி.க்காரற்ற றோட்டு" என்றார். அந்தத் தாய் குரலை உயர்த்தாமல், "ஆற்ற றோட்டெண்டாலும் விழுந்தது என்ர பிள்ளைதானே ஐயா" என்றார். மண்டபம் சற்று நேரம் அடங்கிவிட்டது. அதன் பிறகு நடந்ததுதான் சபைக்குப் பாராட்டுக்குரியது: அந்தக் கடிதத்தை இணைத்து, சபையின் முகப்புக் கடிதத்தோடு திணைக்களத்துக்கு அனுப்புவதாகச் செயலாளர் சொன்னார், பிரதி தாய்க்கும் தபாலில் வந்ததாகப் பின்னர் அறிந்தேன். "எங்களுடையதில்லை" என்பதை முற்றுப்புள்ளியாக வைக்காமல் முகவரி எழுதி அனுப்பிவிடுவது ஒரு சபை செய்யக்கூடிய மிகக் குறைந்த செலவான வேலை. வருத்தம் என்னவென்றால், அன்று அந்தத் தாய் அப்படிச் சொன்னபடியால் அது நடந்தது, வேறு பலருக்கு "ஆர்.டி.டி.யிட்டக் கேளுங்கோ" என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. இதை எல்லோருக்கும் பொதுவான நடைமுறையாக்கினால் இந்தச் சேவையின் தரம் ஒரே மாதத்தில் உயர்ந்துவிடும்.

கட்டாக்காலி மாடுகளின் விவகாரம் தனியாக எழுதப்பட வேண்டியது. அதைக் கேட்பதற்காகவே ஓர் அமர்வுக்குப் போகலாம். இரவில் பிரதான வீதிகளில் படுத்திருக்கும் மாடுகளால் மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் விழுந்து உயிரிழப்பது வன்னியில் புதிய செய்தியன்று. வீதியில் கட்டின்றித் திரியும் மாடுகளைப் பிடித்து அடைக்கவும், தண்டமும் பராமரிப்புச் செலவும் அறவிட்ட பின்னரே விடுவிக்கவும், உரியவர் வராவிட்டால் ஏலத்தில் விற்கவும் சபைக்கு அதிகாரம் இருக்கிறது. நான் இருந்த அமர்வு, சபை அந்த அதிகாரத்தைப் பயன்படுத்திய மறுவாரம் நடந்தது. மாடு பிடிபட்டவர்களும் மாட்டால் வயல் அழிந்தவர்களும் ஒரே மண்டபத்தில், இரண்டு வரிசை இடைவெளியில் அமர்ந்திருந்தார்கள்.

முதலில் எழுந்தவர் பட்டி வைத்திருக்கும் பெரியவர். சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தண்டம் கட்டிய பற்றுச்சீட்டை மேசையில் வைத்து, விரலால் அழுத்தியபடியே பேசினார். "பட்டியை எங்க கொண்டுபோய்க் கட்டச் சொல்லுறியள்? காட்டுக்க விட்டா அவையள் பிடிக்கினம், றோட்டுக்கு வந்தா நீங்கள் பிடிக்கிறியள். மேய்ச்சல் தரை எண்டு ஓரிடத்தைக் காட்டுங்கோ, நான் கட்டிறன்." சொன்னதில் பொய் இல்லை. போருக்கு முன் மாடுகள் மேய்ந்த இடங்களில் பல இன்று வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல்லுக்கு அப்பால் இருக்கின்றன; எஞ்சியவற்றில் குடியேற்றமும் வயலும் வந்துவிட்டன. அரச காணியொன்றை மேய்ச்சல் தரையாக ஒதுக்குவது பிரதேச செயலகத்தின் வழியாக நடக்க வேண்டிய வேலை, பிரதேச சபையின் கையில் இல்லை.

அடுத்து எழுந்தவர் ஏறக்குறைய நாற்பது வயதுக் கமக்காரர். "அண்ணை சொல்லுறது சரிதான், ஆனா என்ர வயல் மேய்ச்சல் தரை இல்லையே" என்று தொடங்கினார். காலபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், இன்ன திகதிக்குள் வயல்வெளியிலிருந்து மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று தீர்மானம் எடுக்கிறார்கள். எடுத்த தீர்மானத்தை யாரும் நடைமுறைப்படுத்துவதில்லை என்பது அவருடைய குறை. மாட்டின் குறியைப் பார்த்து உரியவரை அறிந்தாலும், தெரிந்த மனிதர் என்பதால் பொலிசுக்குப் போக மனம் வராது என்றும் சொன்னார். பெரியவர் திரும்பி அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

இதற்கு அந்த அமர்வில் தீர்வு கிடைத்ததா என்றால் இல்லை. ஆனால் இரண்டு பயன்கள் விளைந்தன. பிடித்த மாடுகளை எங்கே அடைத்து வைத்திருக்கிறோம், ஒரு நாளைக்கு என்ன அறவிடுகிறோம் என்பதை அறிவித்தல் பலகையில் போடாமலே மாடு பிடித்திருக்கிறார்கள் என்பது வெளியே வந்தது. போடுவதாகத் தவிசாளர் ஒப்புக்கொண்டார், போடவும் செய்தார். அடுத்ததாக, மேய்ச்சல் தரைக் கோரிக்கையைப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோவதெனவும், அதற்கான கடிதத்தில் கால்நடை வளர்ப்போரும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து கையொப்பமிடுவதெனவும் பேசப்பட்டது. சபையில் உறுப்பினர் அல்லாதவர்களையும் சேர்த்துக் குழுக்கள் அமைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இந்த இருவரையும் அப்படியொரு குழுவில் அங்கேயே போட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை. நானும் அப்போது எழுந்து நிற்கவில்லை, என் துண்டு வேறு விடயத்துக்கானது.

என் விடயம் மதகு. எங்கள் ஒழுங்கையைக் கிரவல் போட்டு உயர்த்தியபோது தண்ணீர் குறுக்கே போவதற்குக் குழாய் வைக்கவில்லை. கோடையில் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை பிடித்ததும் வீதி அணைக்கட்டாகி, மேற்குப் பக்கத்து வளவுகள் எல்லாம் குளமாகிவிடுகின்றன. 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்குக் கணுக்காலளவு தண்ணீரே இரவில் நித்திரையைக் கெடுக்கும். கடிதத்தோடு, தண்ணீர் நின்ற அடையாளம் தெரியும் மதிற்சுவரின் புகைப்படத்தையும், ஒழுங்கையில் இருக்கும் குடும்பங்களின் கையொப்பத்தையும் கொண்டுபோனேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் படத்தைப் பார்த்ததும், "சரிவு எந்தப் பக்கம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சரியான கேள்வி. கிழக்கே உள்ள வாய்க்காலைச் சொன்னதும், வந்து பார்ப்பதாகக் குறித்துக்கொண்டார்.

வந்தார், நீர்மட்டம் பார்த்தார், ஜே.சி.பி.யைக் கொண்டு வீதியோரம் தற்காலிகமாக ஒரு வெட்டும் வெட்டிவிட்டார்கள். அந்த மாரிக்கு அது போதுமாக இருந்தது. நிரந்தர மதகுக்கு மதிப்பீடு தயாரித்திருப்பதாகச் சொன்னார்கள். இதுவரை நல்ல சேவை. இதன் பிறகுதான் நான் மேலே "அரைகுறை" என்று எழுதியதன் காரணம் வருகிறது. அந்த மதிப்பீடு எங்கே நிற்கிறது என்று அடுத்த அமர்வில் கேட்டபோது, முந்தைய அமர்வின் பதிவேடு மேசையில் இல்லை. உத்தியோகத்தருக்கு நினைவிருந்தது; ஆனால் அவருடைய நினைவு சபையின் பதிவு ஆகாது. அவர் நாளைக்கு இடமாற்றம் பெற்றுப் போனால் என் மதகும் அவரோடு போய்விடும். மீண்டும் ஒரு துண்டு எடுத்து, மீண்டும் ஒரு கடிதம் கொடுக்கச் சொன்னார்கள்.

இந்தச் சேவையின் அடிப்படைக் குறை இதுதான். ஒவ்வோர் அமர்வும் புதிதாகத் தொடங்குகிறது. கடந்த முறை வந்த முறைப்பாடுகள் இத்தனை, முடித்தவை இத்தனை, வேறு திணைக்களத்துக்கு அனுப்பியவை இத்தனை, பணமில்லாமல் நிற்பவை இத்தனை என்று முதல் பத்து நிமிடத்தில் வாசித்தால் போதும். வந்தவர்களில் பாதிப்பேருக்குப் பேச வேண்டிய தேவையே இராது. அப்படி வாசிக்க வேண்டுமானால் ஒவ்வொரு கடிதத்துக்கும் இலக்கம் வேண்டும். வாசல் மேசையில் கொடுக்கும் துண்டின் இலக்கம் அன்றைய வரிசைக்கு மட்டுமே உரியது. அது பதிவேட்டு இலக்கம் அன்று. பதிவேட்டு இலக்கத்தை நாமாகக் கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள். கேளுங்கள். அலுவலகத்தின் திகதி முத்திரையையும் கார்பன் பிரதியில் குத்தச் சொல்லுங்கள். இரண்டும் இருந்தால், பின்னர் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம், "இந்த இலக்க முறைப்பாட்டின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, மதிப்பீட்டின் பிரதி எங்கே" என்று எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். நான் அப்படித்தான் கேட்டு மதிப்பீட்டின் பிரதியைப் பெற்றேன். அமர்வில் கிடைக்காத பதில் தகவல் விண்ணப்பத்தில் கிடைத்தது என்பது அந்த அமர்வுக்குப் பெருமை சேர்க்கும் செய்தி அன்று.

யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிழமை நாளில் முற்பகல் ஒன்பதரை மணிக்குக் கூலிவேலைக்குப் போகிறவர் வர முடியாது. வந்தால் அன்றைய கூலி போய்விடும். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் மண்டபம் பாதி காலியாகவே இருக்கிறது. தூரம் இன்னொன்று. 2,600 சதுரக் கிலோமீற்றருக்கும் மேல் பரந்திருக்கும் முல்லைத்தீவு மாவட்டத்துக்கு நான்கு பிரதேச சபைகள். இதிலிருந்தே வன்னியின் ஒரு சபை எவ்வளவு பெரிய நிலப்பரப்பைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது விளங்கும். காட்டோரக் கிராமங்களிலிருந்து காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் என்றிருப்பவர்கள் மூன்று நிமிடம் பேசுவதற்கு ஒரு நாளைச் செலவழிக்கிறார்கள். அமர்வை ஒவ்வொரு மாதமும் அலுவலக மண்டபத்திலேயே வைக்காமல் வட்டாரத்துக்கு வட்டாரம், சனசமூக நிலையங்களிலோ பொதுநோக்கு மண்டபங்களிலோ மாற்றி மாற்றி வைத்தால் என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வைத்துப் பார்த்தால் என்ன? இரண்டையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உத்தியோகத்தர்களின் மேலதிக நேரக் கொடுப்பனவு தடையாக இருக்கிறது என்றார்கள். அது வெறும் சாட்டு அன்று, உண்மையான தடைதான்.

வருபவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு வந்த பிறகு மேசைக்கு அந்தப் பக்கத்திலும் பெண்கள் இருப்பது பேச வருபவர்களுக்குத் துணிவைக் கொடுத்திருக்கிறது. இருந்த நேரத்தில் நான் கவனித்தவரை, மூன்று நிமிடத்துக்குள் தெளிவாகப் பேசி முடித்தவர்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் பிரதிநிதிகள்தான். கடன் கூட்டம், கணக்கு வாசிப்பு என்று பழகியவர்கள் என்பதால் எண்ணும் திகதியும் நாவில் நிற்கின்றன. ஆண்களில் சிலர் ஒலிவாங்கி கைக்கு வந்ததும் மேடைப் பேச்சாளர்களாகிவிடுகிறார்கள்.

ஒரு விடயத்தில் சபை உடனடியாகக் கவனம் எடுக்க வேண்டும். பேசுபவர்களை உறுப்பினர்கள் சிலர் கைபேசியில் படம்பிடித்து, அன்று மாலையே முகநூலில் போடுகிறார்கள். தெருவிளக்குக் கேட்டவரின் படம் வந்தால் பெரிய பாதகம் இல்லை. கசிப்பு விற்கும் வீட்டைப் பற்றியோ, இரவில் மணல் ஏற்றுபவர்களைப் பற்றியோ சொல்ல வந்தவர் அந்தக் கைபேசிகளைக் கண்டால் வாயைத் திறக்க மாட்டார். திறந்தாலும் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை நிம்மதி இராது. வாசலில் ஒரு முறைப்பாட்டுப் பெட்டி தொங்குகிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று மேசையில் கேட்டேன்; பெட்டியை ஒருவரும் திறந்ததாகத் தெரியவில்லை என்பதே பதிலாக இருந்தது. இவ்வகை முறைப்பாடுகளைத் தற்போதைக்கு இந்த அமர்வுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றே சொல்வேன். பிரதேச செயலரையோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தையோ தனியாகச் சந்திப்பது பாதுகாப்பானது.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தோடு இதை ஒப்பிட்டுச் சிலர் குறைத்துப் பேசுவதுண்டு. அங்கே எல்லாத் திணைக்களத் தலைவர்களும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே சாதாரணக் குடிமகனுக்கு ஒலிவாங்கி கிடைப்பதில்லை, பாராளுமன்ற உறுப்பினர்கள் பேசி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும். நடமாடும் சேவை பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் நல்லது. மதகுக்கும் மாட்டுக்கும் உதவாது. ஒழுங்கை அளவிலான பிரச்சினையோடு ஒருவர் நேரே போகக்கூடிய இடமாக இப்போதைக்கு இந்த முற்பகல் ஒன்றுதான் இருக்கிறது. ஐந்துக்கு மூன்று புள்ளி கொடுப்பேன். அந்த மூன்றில் ஒன்று முழுவதும் வாசல் மேசைப் பிள்ளைக்கு.

போக நினைப்பவர்கள் காலத்தையும் பார்த்துப் போகவேண்டும். விளக்கு மாற்றுதல், குப்பை எடுத்தல், வாய்க்கால் துப்புரவு போன்றவற்றை எந்த மாதமும் கேட்கலாம். இருக்கிற ஆளையும் உழவு இயந்திரத்தையும் கொண்டு செய்துவிடுவார்கள். வீதி, மதகு, சந்தைக் கூரை, மயான மதில் என்று பணம் தேவைப்படும் கோரிக்கைகள் அடுத்த ஆண்டுக்கான பாதீட்டில் ஏற வேண்டியவை. பாதீடு ஆண்டு முடிவதற்குள் சபையில் நிறைவேற வேண்டும் என்பதால் ஆவணி, புரட்டாதியிலேயே கடிதம் பதிவேட்டில் இருக்க வேண்டும். மழை வந்து வளவு நிறைந்த பிறகு கார்த்திகையில் போய்க் கேட்டால் ஜே.சி.பி. வெட்டு கிடைக்கும், மதகு கிடைக்காது. ஒழுங்கையில் உள்ள எல்லோரும் தனித்தனியாகப் போகாமல் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டு, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தீர்மானப் பிரதியையும் இணைத்து, இருவர் மட்டும் போனால் போதும். ஒருவர் பேச, மற்றவர் பதிவிலக்கத்தையும் பதில் சொன்ன உத்தியோகத்தரின் பதவியையும் எழுதிக்கொள்ளலாம். எங்கள் மதகின் இலக்கம் இப்போது அடுத்த பாதீட்டுக்கான முன்மொழிவுகளில் இருக்கிறது. நிறைவேறினால் நான்காவது புள்ளியையும் சேர்த்து எழுதுகிறேன்.